இன்னும் ஒரு ரவுண்டு

என் சைக்கிள் எங்கள் படுக்கையறையில் நிற்கிறது. வெளியே வைத்தால் உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும், கடலூர் முதுநகரில் இரும்பு எதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று காரணம் சொல்லி உள்ளே கொண்டுவந்தேன். அதற்காக பீரோ நகர்ந்தது. பிள்ளைகள் படிக்கிற மேசை கூடத்துக்குப் போனது. மனைவி சைக்கிளுக்குச் "சின்ன வீடு" என்று பேர் வைத்தாள். யாராவது வந்து நான் எங்கே என்று கேட்டால், "சின்ன வீட்டோட வெளிய போயிருக்காரு" என்பாள். முதல்முறை கேட்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவள் அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு வெகுநாளாயிற்று.

எல்லாம் நல்லதற்கென்றுதான் ஆரம்பித்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடக்கச் சொன்னால் நான் சைக்கிள் வாங்கினேன். சைக்கிள் வாங்கியதும் பந்தயத்துக்குப் போனேன். பிறகு டிரையத்லான் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நீந்தி, உடனே சைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓட வேண்டும். தேவனாம்பட்டினம் கடலில் நீந்தப் போய், கரையில் மீன் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கிறுக்கன் என்று பெயர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னுடையது. பால் வாங்குவது, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்ப்பது, என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் அவளுடையது. மதியம் நான் வந்து பிரியாணிச் சட்டியைக் காலி செய்துவிட்டுத் தூங்குவேன். சத்தம் போடக் கூடாது, அப்பாவுக்கு ரெஸ்ட் வேணும்.

வைகாசியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்கையைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். அப்பா இல்லை. நான் ஒருவன்தான் அண்ணன், அந்தக் குழந்தைக்கு ஒரே தாய்மாமன். சீர்த் தட்டுகளோடு முன்னால் நடக்க வேண்டியவன் நான். மொட்டை அடிக்கவும் காது குத்தவும் குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டியவனும் நான்தான். கல்யாணத்தின்போதே "பொண்ணு வீட்டுல முன்ன நிக்க ஆளு இல்ல" என்று தங்கையின் மாமியார் யாரிடமோ சொன்னது எங்கள் காதுவரை வந்திருந்தது. அதனால் தங்கை ஒரு மாதமாகப் போனில் ஒன்றையே சொன்னாள். "அண்ணா, நீ நேரத்தோட வந்துடு. வேற எதுவும் வேணாம்."

அடுத்த வாரம் எனக்குப் பந்தயம். அதற்கு முன் ஐம்பது கிலோமீட்டர் மிதித்தாக வேண்டும் என்று என் திட்டம் சொன்னது. எனவே மனைவியும் பிள்ளைகளும் அம்மாவும் சீரோடு காரில், நான் சைக்கிளில்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் எங்ககூட வாங்களேன்" என்றாள் மனைவி.

"உங்களுக்கு முன்னாடி அங்க நிப்பேன், பாரு" என்றேன்.

நின்றேன் என்பதுதான் வேதனை. விடியுமுன்னே கிளம்பியவனை ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் பின்காற்று தள்ளிவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது எனக்குள் ஒரே பெருமை. சிதம்பரம் மேல வீதிக்கு நான் வந்தபோது கார் வந்து சேரவில்லை. வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில், அவர்களுடைய அம்மன் கோயில் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே இறங்கியிருக்கலாம். முகம் கழுவியிருக்கலாம். ஆனால் மிதித்த தூரம் காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

சைக்கிள்காரர்களுக்கு இது ஒரு வியாதி. நாற்பத்தொன்பதே முக்காலில் வீட்டு வாசலுக்கு வந்தாலும் உள்ளே போக மாட்டோம். ஐம்பது ஆகிறவரை தெருவையே சுற்றுவோம். பார்ப்பவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைப்பார்கள். நான் நாலு தேர் வீதிகளையும் சுற்ற ஆரம்பித்தேன்.

இரண்டாவது சுற்றில் மேல வீதிக்குத் திரும்பியபோது நாதஸ்வரம் கேட்டது. சீர் கிளம்பிவிட்டது. கார் வந்து, எனக்குப் போன் அடித்துப் பார்த்து (போன் முதுகுப் பையில் இருந்தது), நல்ல நேரம் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்கள். முன்னால் நான் நடக்க வேண்டிய இடத்தில் மனைவி, பட்டுப்புடவையில், தோடு வைத்த தட்டோடு. பக்கத்தில் தங்கை, இடுப்பில் குழந்தை. என் சின்னவள் "அப்பா!" என்று கத்தினாள். தங்கையின் முகம் மலர்ந்தது. வந்துட்டான் பாருங்க என்பதுபோல மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். ஒரே ஒரு ரவுண்டு, இதோ வந்துடறேன். காட்டிவிட்டு அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. முதலில் மொட்டை, அதற்கு நேரமாகும், காது குத்துவதற்குள் போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். மொட்டையும் என் மடியில்தான் என்பது தெற்கு வீதி திரும்பும்போதுதான் உறைத்தது. அப்போதும் நான் வந்த வழியே திரும்பவில்லை. ஐம்பது ஆனபோது கடிகாரம் கையில் நடுங்கி வாழ்த்துச் சொன்னது.

சந்துக்குள் நுழையும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. சைக்கிள் செருப்பின் அடியில் இரும்புப் பட்டை உண்டு; அதைக் கழற்றக்கூட மறந்து, கல் தரையில் டக் டக்கென்று வந்து நின்றேன். உடம்போடு ஒட்டிய கறுப்பு டிரவுசர், பச்சை பனியன், சொட்டச் சொட்ட வேர்வை. மனைவி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையோடு குழந்தை அவள் மடியில். ஒரு காது குத்தியாகிவிட்டது. நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் பார்த்துக்கொண்டதுபோல இதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை முழுக்கக் குழந்தையின் முடி.

"மாமன் வந்தாச்சு, இந்தக் காதுக்கு மடி மாத்திக்கிங்க" என்றார் காது குத்த வந்த பத்தர், நல்ல மனசோடு.

தங்கை என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வேணாம். அண்ணி மடியிலயே இருக்கட்டும். இப்பதான் அழுகைய நிறுத்துச்சு."

பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "வழியில டயர் பஞ்சராயிடுச்சாம்மா" என்றாள்.

நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவளாகவே சொன்னாள். இத்தனை பேர் பார்த்த விரலுக்கு மேல் ஒரு பொய்யைப் போர்த்தி, தன் புகுந்த வீட்டின் முன்னால் எனக்கு முட்டுக்கொடுத்தாள். நானோ "ஆமாம்மா, பின் டயரு" என்று தலையாட்டினேன். மனைவி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

வேட்டி மாற்றிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தபோது இன்னொன்று நடந்தது. பந்தயக்காரர்கள் கால் முடியை மழித்துக்கொள்வது வழக்கம், நானும் மழித்திருந்தேன். வேட்டி விலகியதில் தங்கையின் மாமியார் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, புள்ளைக்குத் தலையில மொட்டை, ஒங்களுக்குக் கால்லயா?" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் பந்தயத்துக்குப் போனேன். போகாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். முடித்தேன், மெடல் கொடுத்தார்கள். வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. இப்போது ஞாயிறுகளில் சீக்கிரம் திரும்பிவிடுகிறேன், பால் வாங்கிவருகிறேன். மனைவி பாக்கெட்டை வாங்கி உள்ளே வைக்கிறாள், அவ்வளவுதான். இவ்வளவு தாமதமாக வருகிறவனுக்கு ஆரத்தியா எடுப்பார்கள்?

தீபாவளிக்குத் துணிமணி கொடுக்க எல்லோரும் சிதம்பரம் போனோம். நான் காரில்தான் போனேன், அதை நாலு தடவை சொல்லியும் காட்டினேன். குழந்தை நடக்கப் பழகியிருந்தது. நான் கை நீட்டியதும் வராமல் தங்கையின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏய், மாமா என்ன பண்ணுவாங்க? காட்டு, காட்டு" என்றார் மாமியார்.

குழந்தை யோசிக்கவே இல்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டியது.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், என் பிள்ளைகள் சிரித்தார்கள், என் அம்மாகூடச் சிரித்தாள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, அந்தச் சின்ன விரலை மெதுவாக மடக்கிவிட்டாள்.