ஒரு வாந்திகூட எடுக்காத சுதா

மீன்தூள் லாரி வந்தால் தார்ப்பாயை அவிழ்ப்பதற்கு முன்பே எங்கள் லேபுக்குத் தெரிந்துவிடும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் நான் க்வாலிட்டி கெமிஸ்ட். கேட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு லோடிலும் குத்தூசி விட்டு சாம்பிள் எடுத்து, மோந்து பார்த்து, மாய்ஸ்ச்சர் பார்த்து, 'இறக்கலாம்' அல்லது 'திருப்பு' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆறு வருடமாக நான் போட்டு வந்த கையெழுத்து அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பத்தே நிமிடத்தில், அது என் கையை விட்டுப் போனது.

ஆலையில் வேலை செய்யும் பெண்கள் கர்ப்பமானதும் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாந்திக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நான் என்ன செய்தேன் என்பதும் இதில் இருக்கிறது. என் பொறாமையால் சுதாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் எந்த விளிம்பு வரை போய் வந்தார்கள் என்பதும் இருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம்.

1. லாரி டயர்

அன்று எனக்கு ஏழாவது வாரம். ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது மூட்டையில் குத்தூசியை உருவி, தூளை உள்ளங்கையில் கொட்டி, மூக்கருகே கொண்டுபோனேன். அடுத்த நொடி லாரியின் பின் டயர் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

டிரைவர் பயந்துபோய் இறங்கி வந்தார். "ஏனுங்க மேடம், சரக்கு அவ்வளவு மோசமாங்க?"

யார்டு கூட்டும் ராசாத்தி அக்கா விளக்குமாறை ஊன்றிக்கொண்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சரக்கு நல்ல சரக்குத்தானுங்க. புள்ளை முழுகாம இருக்குது" என்றார். லோடுமேன் முதல் எடைமேடை ஆள் வரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்விட்டது.

மேனேஜர் சண்முகம் சார் நல்ல மனிதர். "சாமி, நீங்க ஏசில உக்காந்து ரிப்போர்ட் எழுதுங்க. கேட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். லேபில் வேறு ஆள் என்றால் சுதா மட்டும்தான். வந்து ஒன்றரை வருடம் ஆன ஜூனியர்.

சுதா தயங்கிக்கொண்டே சொன்னாள்: "சார், எனக்கும் ரெண்டு மாசமுங்க. ஆனா எனக்கு ஒண்ணும் பண்றதில்லீங்க. மீன்தூளும் ஒண்ணும் பண்ணாதுங்க."

"அப்பறம் என்ன? போயி குத்தூசிய எடு" என்றார் சார்.

என் குத்தூசியை அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

2. என் நோட்டு

எனக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு அடங்கும். ஒரு பழைய லேப் நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: என்ன தொந்தரவு, எந்த நேரம், என்ன செய்தேன், கேட்டதா.

வாந்தி: காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், படுக்கையிலேயே ஒரு கை பொரியும் பொட்டுக்கடலையும் மென்று, கால் மணி நேரம் கழித்து எழுந்தேன். பாதி கேட்டது. வெறும் வயிறாக விடாமல் இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சமாகச் சாப்பிட்டது முக்கால்வாசி கேட்டது. மாஸ்க்குக்குள் எலுமிச்சைத் தோல் வைத்தது மீன்தூளிடம் தோற்றது.

நெஞ்செரிச்சல்: ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து, தலைமாட்டை உயர்த்திப் படுத்தேன். கேட்டது. மிளகாய் பஜ்ஜியை விட்டது இன்னும் நன்றாகக் கேட்டது.

இரும்புச்சத்து மாத்திரை: மலச்சிக்கல் வந்தது. மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். "நிறுத்தப்படாது, தண்ணி, கீரை, கொய்யாப்பழம் சேத்துக்க. டீயோட மட்டும் போடாத" என்றார் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. இரண்டு வாரத்தில் சரியாயிற்று.

கெண்டைக்கால் பிடிப்பு: பாதத்தைப் பிடித்து விரலை முகம் பக்கமாக இழுத்தால் விடும். சாயங்காலக் கால் வீக்கத்துக்குத் தவிட்டு மூட்டை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். காலையில் வடிந்துவிடும்.

அந்த நோட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்றும் இருந்தது. யாருக்கும் காட்டியதில்லை. தலைப்பு: சுதா. அதன் கீழே எல்லா வரியிலும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன்.

அவள் மத்தியானம் முட்டை பப்ஸ் சாப்பிடுவாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். கேட்டுக்கும் லேபுக்கும் ஒரு நாளைக்கு இருபது தடவை நடப்பாள். யார்டில் அவளைப் பற்றித்தான் பேச்சு. "சுதாவப் பாருங்க. ஒரு வாந்தி உண்டா, ஒரு மசக்கை உண்டா? உடம்புன்னா அது உடம்பு" என்பார் ராசாத்தி அக்கா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டுவார். எனக்கு அந்தப் பழத்தைத் தூக்கி யார்டில் எறியத் தோன்றும். வாங்கிக்கொண்டு நன்றி சொல்வேன்.

என் கையெழுத்து இருந்த இடத்தில் அவள் கையெழுத்து. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சீட்டுகளை அடுக்கி ஃபைல் செய்வது மட்டும் நான்.

3. வளையல்

இரண்டு பேருக்கும் ஏழு மாதம் ஆனபோது, ஆலைப் பெண்கள் சேர்ந்து லேபிலேயே வளையல் போட்டார்கள். நான் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம், சுதா சேந்தமங்கலத்து விவசாயக் குடும்பம். வளையலுக்கும் புளிசாதத்துக்கும் அந்த வித்தியாசம் இல்லை. அவரவர் சொன்ன அளவில் ராசாத்தி அக்கா கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார்.

எனக்குச் சுலபமாக ஏறிவிட்டது. சுதாவுக்கு விரல் முட்டியைத் தாண்டவில்லை. எப்போதும் போடும் அளவுதான். சோப்பு போட்டுத் தள்ளினார்கள். இரண்டு உடைந்தன.

"உடையட்டும் உடு. பூசுனாப்புல ஆயிட்டா பாரு. மூஞ்சி நெலாவாட்டம் இருக்குது" என்றார் ராசாத்தி அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, நீதான் கண்ணு வத்தலாட்டம் காஞ்சு கெடக்கற. இவகிட்ட கொஞ்சம் வாங்கிக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் முகம் உப்பினால் அதை அழகு என்பார்கள். கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைப்பார்கள். சுதாவுக்கும் வைத்தார்கள். அவளுக்கு மை வைத்தார்களே, எனக்கு வைக்கவில்லையே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நர்ஸம்மா சொல்லச் சொல்லச் சிவப்பு மையில் நானே எழுதிய வரிகள் இருந்தன. அவை நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்றும் சொல்லலாம்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபின் சுதா மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நேத்துல இருந்து தலை இடிக்குதுங்க்கா. உங்களுக்கும் இப்பிடி இருந்துச்சாங்க்கா?"

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம். ஐந்தாவது கட்டத்தில் முதன்முதலாக ஒரு 'உண்டு'.

"உனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குதா? எனக்கு ஆறு மாசமா இருக்கு. தண்ணி குடி, செத்த நேரம் படு, போயிரும்" என்றேன்.

என் பட்டியலில் தலைவலிக்கு எதிரே முதலில் இருந்தது அதுதான். 'விடாவிட்டால் ஆஸ்பத்திரி' என்ற அடுத்த வரியை நான் சொல்லவில்லை.

4. பதின்மூன்றும் பதினெட்டும்

மறுநாள் காலை மக்காச்சோள லோடு ஒன்றுக்கு சுதா 'திருப்பு' என்று எழுதிவிட்டாள். மாய்ஸ்ச்சர் பதினெட்டு என்று சீட்டில் இருந்தது. பதினான்குக்கு மேல் நாங்கள் வாங்குவதில்லை. டிரைவர் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார். "ஏனுங்க, பதினெட்டுன்னா சோளம் கையில நசுங்குமுங்க. இதக் கடிச்சுப் பாருங்க, பல்லுதான் போகும்."

கடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நானே லேப் மீட்டரில் போட்டேன். பதின்மூன்று.

முதலில் எனக்கு வந்த எண்ணம்: சார் இதைப் பார்த்தால் கேட் எனக்குத் திரும்பி வந்துவிடும். சீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குத்தான் கிளம்பினேன். வழியில் சுதா கேட் மீட்டர் முன்னால் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணா எட்டான்னு தெரியலீங்க்கா. கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குதுங்க."

அவள் கையைப் பார்த்தேன். நேற்று வளையல் ஏறாத அந்தக் கையில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. சிவப்பு மை வரிகள் அப்போது ஒவ்வொன்றாக வந்தன: முகமும் கையும் திடீரென வீங்கினால். விடாத தலைவலி இருந்தால். கண் மங்கினால், மின்னினால். வலது பக்க மேல் வயிறு வலித்தால். ரத்தமோ நீரோ போனால். பிள்ளை அசைவு குறைந்தால். உடனே ஆஸ்பத்திரி. 'உடனே' என்பதன் கீழ் நானே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

"சுதா, போன மாசம் செக்கப் போனியா?"

"இல்லீங்க்கா. ஒண்ணும் பண்ணலியேன்னு உட்டுட்டேன்."

"கெளம்பு. இப்பவே."

"வேண்டாங்க்கா. ரெண்டு லோடு நிக்குது. தலைவலிக்கெல்லாம் போனா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். கெளம்புடி."

கையில் இருந்த சீட்டோடு சார் அறைக்குப் போனேன். சீட்டைக் காட்டாமல் கார் கேட்டேன். காரில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குமுங்க்கா. நீங்க வாந்தி எடுத்தா எல்லாரும் எலுமிச்சம்பழம் கொண்டாருவாங்க. உக்கார வெப்பாங்க. என்னைய மீன்தூளுக்கு அனுப்புவாங்க. ஒண்ணும் இல்லாதவன்னு பேர் வாங்கிட்டேன். அப்பறம் எப்பிடிங்க்கா வலிக்குதுன்னு சொல்றது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

5. காகிதப் பட்டை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. முகம் மாறாமல் இன்னொரு முறை பார்த்தார். அதேதான். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி எடுத்தார். மஞ்சளாக இருந்தது கரும்பச்சையானது. நிறத்தை வைத்து அளவு சொல்வது என் தொழில். புரதம் எக்கச்சக்கமாகப் போகிறது என்பது அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"வலிப்பு வந்திருந்தா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்தும்மா. தலைவலி எப்பத்துல இருந்து?" என்று கேட்டார்.

"காலைல இருந்துதானுங்க" என்றாள் சுதா. என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா, இன்று வரை தெரியாது.

"இல்லீங்க. முந்தாநாள்ல இருந்து. நேத்தே எங்கிட்ட சொன்னா. தண்ணி குடின்னு அனுப்பிட்டேன்" என்றேன்.

நர்ஸம்மா என்னை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. ஊசி போட்டு, கடிதம் எழுதி, ஆம்புலன்ஸில் சேலத்துக்கு ஏற்றிவிட்டார்.

அங்கே மூன்று வாரத்துக்கு மேல் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். நாள் முழுமையாகும் முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. இருவரும் நலம்.

6. வாசனை இல்லாதது

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. மக்காச்சோளம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அஃப்ளாடாக்சின் டெஸ்ட் போடாமல் இறக்க மாட்டோம். அந்தப் பூஞ்சை நஞ்சுக்கு மணம் கிடையாது, ருசி கிடையாது. பார்வைக்கு நல்ல லோடு என்று ஒரு நாளும் நான் அதை விட்டதில்லை. சுதாவை விட்டேன். நாறிய லோடான என்னை எல்லாரும் கவனித்தார்கள், மாதாமாதம் நானும் போய் பிரஷர் பார்த்துக்கொண்டேன். நல்ல லோடை யாரும் டெஸ்ட் பண்ணவில்லை.

இப்போது லேப் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. பொரி, பொட்டுக்கடலை, தவிட்டு மூட்டை எல்லாம் கீழே. சிவப்பு வரிகள் மேலே. பக்கத்திலேயே சார் வாங்கிக் கொடுத்த பிரஷர் மிஷின். தொந்தரவு இருக்கிறவள், இல்லாதவள் என்று பார்ப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்றால் திங்கட்கிழமை காலை கையை நீட்ட வேண்டும். செக்கப் நாளுக்கு லீவு கேட்க வேண்டியதில்லை, போகாவிட்டால்தான் காரணம் கேட்போம்.

கேட்டில் இப்போது நாங்கள் வாரம் மாற்றி வாரம் கையெழுத்துப் போடுகிறோம். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். என் மகன் பல் முளைக்கும்போது பத்து நாள் வீட்டையே இரண்டாக்கினான். நேற்று சுதா சாம்பிள் பையைக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "பாப்பாவுக்கு ரெண்டு பல்லு வந்திருக்குதுங்க்கா. ஒரு அழுகை இல்ல, ஒரு வயித்தால போகல. எப்ப வந்துச்சுன்னே தெரியல."

எனக்கு எரிந்தது. எரிந்துகொண்டே கேட்டேன்.

"காய்ச்சல் இருந்துச்சா, தொட்டுப் பாத்தியா? எடை எப்பப் போட்ட?"