கயிற்றின் கடைசி ஆள்

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் வலது கால் செருப்பு கழன்று படியிலேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் இறங்கிய, கூட வேலை செய்யும் முனிராஜ் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ண்ணா, செருப்பை யாருக்கு விட்டுட்டுப் போற?"

சிரித்தேன். அதுதான் முதல் அறிகுறி.

முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? மறுநாள் இரண்டு பாதமும் மரத்தன. மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. ஓசூர் டாக்டர் முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளவில்லை. அப்போதே பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்.

நோயின் பெயர் கில்லன் பாரே (உடம்பைக் காக்கிற சக்தியே திரும்பி நரம்பைத் தாக்குவது). அங்கே நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைச் சோதித்தார்கள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். பிரஸ் ஷாப், மிஷினில் தகட்டை அழுத்திப் பாகம் செய்கிற இடம் என்றேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஒயர் அறுந்து போகல. மேல இருக்கிற ரப்பர் உறை போயிருக்கு. மறுபடி வளரும்."

"எத்தனை நாள், சார்?"

"நாள் இல்ல, மாசக்கணக்கு. பாதம் முழுசா வராமலும் போகலாம்."

என் மனைவி ஸ்டெல்லா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நான் கேட்டது வேலைக்குப் போவதைப் பற்றி என்று நினைத்திருப்பாள். இல்லை. கயிற்றை நினைத்துக் கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மிஷின்களைத் துடைத்து, பூசணி உடைத்த பிறகு கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பக்கம் எட்டுப் பேர். கடைசி ஆள்தான் கயிற்றை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகோடு சேர்த்து இடது தோள் மேல் கொண்டுவந்து பிடிப்பான். பிரஸ் ஷாப்புக்கு ஆறு வருஷம் கடைசி ஆள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சிங்காரப்பேட்டைப் பக்கம் கல் உடைத்த குடும்பம். வேறு எதிலும் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டியதில்லை. என் இடது தோளில் கயிற்றுத் தடம் கறுப்பாக இருக்கும். குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன்.

டீமில் ஒரு வழக்கம் உண்டு. யாரால் தோற்றோமோ அவன் கயிற்றைச் சுமக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மண் போகக் கழுவி, காயவைத்து, அடுத்த பயிற்சிக்குத் தூக்கி வர வேண்டும். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபின் வேறு வண்டியில் ஏற்றக் கூடாது. தோளில்தான். நானும் இரண்டு முறை சுமந்திருக்கிறேன்.

இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் காவல் புரதம்) ஐந்து நாள் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து நடக்கப் பழகினேன். கம்பி பிடித்து, பிறகு வாக்கர், பிறகு தடி. பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி. எட்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் போட்டியன்று சூப்பர்வைசர் என்னை ஷாமியானாவுக்குள் கூட்டிப்போனார். "இங்க உக்காந்துக்க அந்தோணி. உனக்குன்னே ஃபேன் போட்டிருக்கேன்." என் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவளும் விளையாட ஆசைப்பட்டாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் மோர் வந்துகொண்டே இருந்தது.

என் இடத்தில் முனிராஜ் நின்றான். பாகலூர்ப் பையன், இருபத்தாறு வயது. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஜெயித்தபின் சட்டையைக் கழற்றினான். இடது தோளில் தடம். என் தோளில் அது மறைந்துபோய்விட்டது. யாரோ என் பொருளைத் திருடி உடம்பில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்களுக்கு இந்த நோய் வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். வலி வரும், பயம் வரும் என்று டாக்டர் சொல்வார். பொறாமை வரும் என்று சொல்லமாட்டார். மாடிப்படி ஏறுகிறவனைப் பார்த்தால் வரும். நின்றபடி பேன்ட் போடுகிறவனைப் பார்த்தாலும் வரும்.

அடுத்த வருஷம் முனிராஜே வந்து கேட்டான். "ண்ணா, மோர் குடிச்சது போதும். எங்களுக்குக் குரல் குடு."

குரல் கொடுப்பவன் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, எதிராளிகளின் காலைப் பார்த்து, சரியான மூச்சில் "ஹுப்" சொல்ல வேண்டும்; அதற்கு எட்டுப் பேரும் ஒன்றாக இழுப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா எல்லாருக்கும் அந்த ஒரு சத்தம் போதும். ஒப்புக்கொண்டேன். பயிற்சியில் நன்றாகவே சொன்னேன்.

கடைசிச் சுற்று. எதிரே மெயின்டனன்ஸ் ஆட்கள். இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. அவர்களுடைய மூன்றாம் ஆளின் குதிகால் வழுக்கியதைப் பார்த்தேன். அந்த மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். முனிராஜ் என் குரலுக்குக் காத்திருந்தான். அவன் தோளில் கயிறு அழுந்தியிருந்தது. ஒரு மூச்சு சொல்லாமல் நிறுத்தினேன். அவர்கள் கால் ஊன்றிவிட்டார்கள். பிறகு சொன்னேன். பிரயோஜனமில்லை. முனிராஜ் குப்புற விழுந்து இழுபட்டான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல, நீ வந்து நின்னதே பெருசு" என்றார் சூப்பர்வைசர். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார். கை தட்டினார்கள். விழுந்தவன் முனிராஜ் என்பதால் கயிறு அவன் தோளுக்குப் போனது.

கேட்டருகே பஸ்ஸுக்கு நின்றபோது கயிறோடு என்னிடம் வந்தான்.

"ண்ணா, வேணும்னேதானே நிறுத்தினே?"

பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"கால்தானே போச்சு உனக்கு? கண்ணு நல்லாத்தானே இருக்கு? அவன் வழுக்கினதை நானே பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

"அப்புறம்?"

"நீ நிக்கிற இடம் என்னுது."

கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "உன் இடம்னா வந்து நில்லு. முடியலைன்னா ஒழுங்கா குரல் குடு. நாளைக்கு டீ டைம்ல எல்லார்கிட்டயும் நீயே சொல்ற."

சொன்னேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டு விழுந்தது. ஒடியாக்காரர் பிஜயிடம் ஒருவன் இந்தியில் விளக்கினான். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒருவர் மட்டும், "விடுங்கப்பா, ஒடம்பு முடியாதவன்" என்றார்.

"ஒடம்பு முடியாதவன் பண்ற வேலையா இது?" என்றான் முனிராஜ். "நல்லா இருக்கிறவன்தான் இப்படிப் பண்ணுவான்."

செருப்பு கழன்ற நாளுக்குப் பிறகு, நான் நன்றாக இருக்கிறேன் என்று ஒருவன் சொன்னது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், முனிராஜ் திருப்பிக் கொண்டுவந்த கயிற்றை என் தோளில் வைத்தார்கள். யாரும் கூட வரவில்லை. அங்கிருந்து வீடு வழக்கமாகப் பத்து நிமிஷ தூரம். தடியோடு முக்கால் மணிநேரம் ஆனது. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தாள். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றாள். எதற்குச் சுமக்கிறேன் என்று சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டாள்.

சால்வை பீரோவில் இருக்கிறது. நான் எடுப்பதில்லை.

பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்த வாரம் பயிற்சி தொடங்கிவிட்டது; வழக்கப்படி கயிற்றை நான்தான் தோளில் தூக்கிப் போனேன். முனிராஜ் கடைசியில் நிற்கும்போது இன்னும் அவன் தோளைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் எதிரே ஒரு குதிகால் வழுக்கினால் அந்த மூச்சிலேயே சொல்கிறேன். குரலுக்குத் தாமதமில்லை. பாதத்துக்குத்தான். காலை வைக்கிறேன், தரை கொஞ்சம் கழித்து வருகிறது. அது வரும்வரை நின்று, பிறகு அடுத்த காலை எடுக்கிறேன்.

இன்று குளிக்கும்போது இடது தோளைத் தொட்டேன். எரிந்தது.