முதுகுப் பக்கம் இருந்த மலை

1. முதல் நாள்

பழநி–கொடைக்கானல் தடத்தில் நான் கண்டக்டராக ஏறிய முதல் நாள், டிரைவர் காசிமாயன் அண்ணன் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் டயரைக் காலால் தட்டினார்.

"ஏலே, மலையில எனக்கு முதுகுல கண்ணு கெடையாது. நீதான் அது. வளைவுல ரிவர்ஸ் எடுக்கும்போது வெரசா எறங்கி டயரப் பாத்து விசில் குடு. வேற எதையாவது வேடிக்க பாத்த, அம்பது பேரும் பள்ளத்துலதான்."

"அம்பது இல்லண்ணே. சீட்டு அம்பத்திரண்டு. நம்மளயும் சேத்தா அம்பத்திநாலு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கெல்லாம் சுத்தமாத்தான் கெடக்கு. விசில் எங்கடா?"

விசிலை டிப்போவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். மலைத் தடத்தில் டிக்கெட் கிழிப்பது பாதி வேலைதான். எதிரே லாரி வந்துவிட்டால் சில வளைவுகளில் நம் வண்டி பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும். பின் டயருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே சில சமயம் ஒரு முழம்கூட இருக்காது. டிரைவருக்கு அது தெரியாது. நம் விசில் கேட்கும்வரை வருவார், நிறுத்தினால் நிற்பார். நான் இயல்பிலேயே பயந்தவன். ஏறிய தலைகளை எண்ணுவேன். நின்று கிளம்பினால் மறுபடி எண்ணுவேன். வளைவுகளையும் எண்ணுவேன், சாலையோர போர்டில் இருக்கும் கணக்கும் என் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. போர்டுதான் தப்பு.

2. சந்தனம்

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டிப்போவில் யாரிடமும் சொன்னதில்லை.

என் ஊர் கொடைக்கானல் போகும் வழியில் மலைமேல் இருக்கும் பள்ளங்கி. ஆறு வயதில் எனக்குப் பழநியில் முடியிறக்கினார்கள். அன்று சாயங்காலம் தலை நிறையச் சந்தனத்தோடு அம்மா மடியில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் பாதி வழி கண்ணை மூடிக் கிடந்தேன். ஒரு வளைவில் வண்டி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே சாலையே இல்லை. வெகு ஆழத்தில் அணைத் தண்ணீர் அசையாமல் மினுங்கியது. அதற்கும் அப்பால், புகைபோல் கிடந்த சமவெளியில், மஞ்சள் வெயில் பட்டு ஒரு சின்ன மலை. காலையில் நான் அழுதுகொண்டே ஏறிய அதே மலை, இப்போது என் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல் இருந்தது.

"அம்மா, மலைக்கும் மொட்ட போட்டுட்டாங்க."

அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஆமாடா. சந்தனமும் பூசியிருக்கு பாரு." என் தலையைத் தடவினாள்.

வண்டி திரும்பியது. மரங்கள் வந்து மறைத்துவிட்டன.

"நான் பெரியாளாகி பஸ்லயே இருப்பேன். தெனமும் பாப்பேன்."

"பஸ்லயே இருந்தா சோறு யாருடா போடுவா?"

சோறும் பஸ்தான் போட்டது. ஆனால் பார்க்க நினைத்ததைப் பார்க்க முடியவில்லை. அந்த வளைவு எதுவென்று, நேர் கீழே அணை கிடப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே வண்டி பின்னால் வரும்போதெல்லாம் நான் கீழே இறங்கி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, டயரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மலை என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். லாரி போனதும் ரைட் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் படியில் தொற்றுவேன். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட்டை முடிக்க வேண்டும்.

தூக்கத்தில் மட்டும் அந்த மலை வரும். சில நாள் பக்கத்தில், சில நாள் தண்ணீருக்குள். எப்போதும் அம்மாவின் கை தலைமேல் இருக்கும்.

"லீவு போட்டு ஒருநாள் பயணியாப் போயிட்டு வாங்களேன்" என்பாள் மனைவி. லீவு நாளிலும் அந்த பஸ்ஸா என்று படுத்துக்கொள்வேன். நிஜம் வேறு. அங்கே அப்படி எதுவும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

3. ரிவர்ஸ்

ரிட்டயராகிச் சில வருஷம் கழித்து இடது கண் மங்கியது. நரம்புக் கோளாறு என்றார் கண் டாக்டர். வலதும் மெல்லக் குறையுமாம். "பாக்க வேண்டியதெல்லாம் பாத்துக்கங்க பெரியவரே" என்றார். எனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

பழநியில் மத்தியான வண்டியில் ஏறி, பின் படிக்கட்டை ஒட்டிய ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். கண்டக்டர் பாண்டி என்னிடம் வேலை பழகியவன். இப்போது அவனுக்கே தொப்பையும் நரையும் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் பெருமாள்மலையில் பூண்டு வியாபாரம் செய்யும் சாகுல் பாய்.

"என்னண்ணே, ஜன்னல விட்டு அசைய மாட்டேங்குறீக? காத்து வாங்கவா?"

"ஒண்ணு பாக்கணும் பாய்."

"இந்த மஞ்சுலயா? என் காலே எனக்குத் தெரியல."

உண்மைதான். அணை தாண்டி நாலு வளைவு ஏறியதுமே வெளியே வெள்ளை மட்டும்தான். ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு வளைவுகளை எண்ணினேன். என் வளைவு வந்தது. எதிரே முட்டைக்கோஸ் லாரி. வண்டி நின்றது. ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டது.

அடுத்து நினைவு வந்தபோது நான் சாலையில் நின்று, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, டயரைப் பார்த்துக்கொண்டு, வண்டியின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். "வரலாம்... வரலாம்..."

"அண்ணே! நீங்க ஏண்ணே எறங்குனீக?" பாண்டி விசிலோடு ஓடிவந்தான்.

"டயரு ஓரத்துல இருக்குடா."

"அதப் பாக்கத்தான நான் சம்பளம் வாங்குறேன்? ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எம் பொழப்பக் கெடுத்துராதீகண்ணே. நவுந்து சுவத்தோரமா நில்லுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

திரும்பினேன். பின்னால் விசில் ஒலித்தது. வேறு ஒருவர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வர, டயர் பக்கம் ஓடப் பார்த்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வெள்ளை. பிறகு அது ஓர் இடத்தில் கிழிந்து, கீழே தண்ணீர் தெரிந்தது. கிழிசல் மெல்ல நகர்ந்துகொண்டே போனது. வெயில் பட்ட இடத்தில் வந்து நின்றது. அங்கே மஞ்சளாக, சின்னதாக, சந்தனம் பூசியபடி அது இருந்தது.

என் கை தானாகத் தலைக்குப் போனது. இப்போது அங்கேயும் முடி இல்லை.

"ஏறுங்கண்ணே! லாரி போயாச்சு. வண்டியே உங்களுக்காக நிக்குது!" வேலை பார்த்த காலமெல்லாம் பயணிகளை நான் விரட்டிய அதே குரலில் பாண்டி விரட்டினான்.

"என்னத்தக் கண்டீக?" என்றார் பாய், நான் சீட்டில் வந்து உட்கார்ந்ததும்.

"எனக்கு மொட்ட போட்ட அன்னைக்குப் பாத்த மலை பாய். அப்படியே இருக்கு."

தம்பிகளே, டூட்டியில் இருக்கும்போது டயரை மட்டுமே பாருங்கள். காசிமாயன் அண்ணன் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் கண் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, அந்த வண்டியில் பயணியாக ஏறுங்கள். விசில் கொடுக்க வேறு ஆள் இருப்பார். நீங்கள் திரும்பி நில்லுங்கள்.