மூன்றாவது புள்ளி

சேதி வந்தபோது நான் சிரித்தேன். எளாவூர் செக்போஸ்ட்டில் நின்ற லாரி ஒன்றுக்கு அடியில் படுத்து வெல்டிங் ஒட்டு போட்டுக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் குனிந்து, "ஏழுமல, மோசஸு பூட்டாருப்பா. நாஷ்டா துன்னுட்டு ஒக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். "என்னாண்டயே கதை வுடறியா?" என்று கேட்டுச் சிரித்தேன். எல்லாரையும் சீண்டியே வயசைத் தள்ளியவன் நான். என்னிடம் யாராவது துக்கம் சொன்னால்கூட பதிலாக முதலில் கிண்டல்தான் வரும். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

மோசஸை 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் எழுந்து வந்து அடிப்பான். கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் ராகவலு முதலாளியின் பட்டறையில் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒரே வயசு. இரண்டு பேர் அப்பாக்களும் அடுத்தவன் நிலத்தில் சேறு மிதித்தவர்கள். அவன் நாலாவது வரை படித்தவன், நான் மூணாவது. அந்த ஒரு வகுப்பை அவன் கடைசி வரை சொல்லிக் காட்டினான்.

ஒரு நாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய சுத்தியலை இரும்புப் பட்டறைக் கல்லோடு ஒரு பொட்டு வைத்து ஒட்டிவிட்டேன். பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றது. மோசஸ் வந்தான், சுத்தியலை எடுத்தான், வரவில்லை. கோபப்படுவான் என்று பார்த்தால், குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தான். "நல்லா புடிச்சிருக்குதுடா. வேலைலயும் இப்டிப் புடிச்சா தேவலாம்" என்றான். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஏழுமல, இன்னொரு வெளையாட்டு வெளையாடினே, கேட்டுக்கு வெளியதான் நீ" என்றார்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் போட்ட ஒட்டு என்று தெரிய, ஒட்டின் ஓரத்தில் பஞ்ச் என்கிற கூர் இரும்பை வைத்துத் தட்டிப் புள்ளி போட வேண்டும். எனக்கு இரண்டு புள்ளி, மோசஸுக்கு மூன்று. முதலாளிக்கு எங்கள் கை தெரியாது, புள்ளிதான் தெரியும். மோசஸ் புள்ளி போடுவதற்கு முன்னால் ஒட்டைச் சுத்தியலால் தட்டி, காதை ஓரமாக வைத்துக் கேட்பான். சத்தம் சரியில்லை என்றால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அவன் மூன்று புள்ளி வைத்த ஒட்டு எதுவும் விட்டுப்போனதில்லை. அதை அவனே சொல்லிக்கொள்ளவும் செய்வான், அதுதான் எனக்கு எரியும்.

ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப்பட்டுக்கு அந்தாண்டை மலையில் கல் குவாரி. ஆட்களை ஏற்றி இறக்க ஒரு ஜீப், அதற்கு டிரைவர் கோதண்டம். பாதை முழுக்கப் பாறை. ஏறி இறங்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் தகடு இரண்டு பக்கமும் அப்பளமாக நசுங்கிப் போயிருந்தது. புதுத் தகடு அடித்துக் கொடுங்கள் என்று வந்தார்கள். மோசஸ் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தகடு அடிச்சா திரும்பவும் நசுங்கும். கனமா பைப்பு குடுக்கலாம். பாறைல மோதினா மோதட்டும், மேல வழுக்கினு போய்டணும்" என்றான். பக்கத்துக்கு ஒரு பைப், சேசிஸிலிருந்து அதைத் தாங்க மூன்று இரும்புக் கை. ஜீப் எடை முழுக்க ஒரு நிமிஷமாவது அந்தக் கைகளில் நிற்கும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினான். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றி, தூரத்தில் வைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடிய பிறகுதான் என்னை நெருப்பு பிடிக்கவே விட்டான்.

இரண்டு பேரும் மாறி மாறி அடியில் படுத்து ஒட்டினோம். டிரைவர் பக்கத்து நடுக் கை என்னுடையது. சேசிஸில் துரு இருந்தது. சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். வெயில், முதுகு வலி, மதியத்துக்குள் வண்டி வேண்டும் என்று கோதண்டத்தின் நச்சரிப்பு. துருவின் மேலேயே ஒட்டினேன். மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது, உள்ளே பிடிக்கவில்லை என்று என் கைக்குத் தெரியும். இரண்டு புள்ளி போட்டேன். அப்புறம் இன்னொன்றும் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து மோசஸைக் கூப்பிட்டு, "உன் மூணு புள்ளி லட்சணத்தப் பாரு" என்று காட்டி, எல்லாரும் சிரித்த பிறகு வெட்டி ஒழுங்காக ஒட்டலாம் என்பது என் கணக்கு. வந்தால் ஜீப் இல்லை, கோதண்டம் டேங்கை மாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும், அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்த தடவை அது லாரிமேல் வந்தது. பாறைமேல் ஏறும்போது நடுக் கை பிய்த்துக்கொண்டு, பைப் மடங்கித் தரையில் குத்தி, வண்டி சாய்ந்துவிட்டது. வேறு யாரும் ஏறியிருக்கவில்லை. கோதண்டத்துக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "மோசஸு, மூணு புள்ளி இருக்குது. இங்க வா" என்றார். மோசஸ் படுத்து உள்ளே போனான். நெடுநேரம் வெளியே வரவில்லை. ஒருத்தன் போட்ட ஒட்டு இன்னொரு வெல்டருக்கு அவன் முகம் மாதிரி. வெளியே வந்தவன் என்னைப் பார்த்தான். அப்போது என் மூன்றாவது பெண் பிறந்து பத்து நாள்.

"என்னுதுதான் நைனா" என்று முதலாளியிடம் சொன்னான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

முதலாளி அவனை ஒட்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு வருஷம் சம்மட்டி அடித்தான், துரு சுரண்டினான். அதற்குப் பிறகு ஒட்டக் கொடுத்தபோதும், "மோசஸா? வாணாம்பா, வேற ஆளு போடட்டும்" என்று வண்டிக்காரர்கள் அவன் காதுபடவே சொன்னார்கள். அந்த வேற ஆள் நான்தான்.

ஜீப்பைச் சரி செய்ய வேண்டியிருந்தது. அது லாரிமேல் வந்த அன்றைக்கே சாயங்காலம் மோசஸ் என்னை அடியில் படுக்கச் சொன்னான். "நீயே ஒட்டு. நான் புடிச்சிக்கினு இருக்கறேன்" என்றான். துருவை இரண்டு தடவை சுரண்ட வைத்தான். இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் தலையாட்டினான். ஒட்டி முடித்து இரண்டு புள்ளி போட்டேன். தட்டி, காதை வைத்துக் கேட்டான். பிறகு ஒன்றே ஒன்று சொன்னான்: "உன் ஜோக்குக்கு நாங்கல்லாம் சிரிப்போம்டா. இரும்பு சிரிக்காது." அதற்கப்புறம் சாகும் வரைக்கும் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வழக்கம் போல அவனைச் சீண்டினேன், வழக்கம் போலச் சிரித்தான். இத்தனை வருஷம் சிரிக்க வைத்ததில் நான் களைத்துப் போனேன், அவன் களைக்கவில்லை.

அடக்கத்துக்குக் கோதண்டம் வந்திருந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து மாலை போட்டார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவரு ஒட்டுதான் வுட்டுச்சி. பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினுதான் போவேன். ஆனா போனவரு மேல கோவம் இன்னாத்துக்கு? நான் மன்னிச்சிட்டேன்னு அந்தம்மாவாண்ட சொல்லிடுப்பா, எனக்கு வாய் வரல" என்றார்.

மோசஸின் சம்சாரம் எஸ்தரம்மாவிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அது உள்ளே போய் மோசஸ் புள்ளி போடுகிற பஞ்ச் இரும்பை எடுத்து வந்து என் கையில் வைத்தது. "உன்னாண்ட இருக்கட்டும்ணா. உன் பேச்ச எடுத்தாலே ஊட்ல சிரிப்பாரு" என்றது. கோதண்டம் சொன்னதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

அதனால்தான் இதை எழுதி, அவனுக்காக நடக்கிற ஜெபக்கூட்டத்தில் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நானே படித்தால் நடுவில் ஏதாவது கிண்டல் செய்து தப்பித்துக்கொள்வேன். படிக்கிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவும். கோதண்டம் பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், எஸ்தரம்மா முன்னால் இருக்கும், பட்டறை ஆட்கள் வாசல் பக்கம் நிற்பார்கள். கோதண்டம், நீங்கள் மன்னிக்க வேண்டிய ஆள் சாகவில்லை. மன்னிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். மோசஸ் போட்ட ஒட்டு ஒன்றுகூட விட்டதில்லை, இதை எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் பஞ்ச் என் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போதும் ஒட்டி முடித்ததும் தட்டி, காதை வைத்துக் கேட்கிறேன், அது அவன் கொடுத்தது. இரண்டு புள்ளி போடுகிறேன், அது என்னுடையது. அந்த ஜீப்பில் இருந்த மூன்றாவது புள்ளியும் என்னுடையதுதான். அவன் இத்தனை வருஷம் வைத்திருந்தான். இன்றைக்கு அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.