மாட்டுங்காவில் ஓடாத கேசட்

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு மழைத் தூறலில் நடந்தேன். பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன். அண்ணாச்சியிடம் சீக்கிரம் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணாச்சியின் பட்டறையில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை மறுபடி ஓட வைப்போம். டிவியில் செருகி, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றும் அந்தக் காலத்துப் பெட்டிகள். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் பச்சை பூத்திருக்கும். வெளிக்கூட்டையும் கீபோர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு புது போர்டு ஒன்றைப் பொருத்துவோம். அதிலிருக்கும் சிப்பின் சுற்றையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதலாம். அண்ணாச்சி எழுதினால் அது எந்தப் பழைய கம்ப்யூட்டராகவும் மாறும். நான் ஏழாவதோடு நின்றவன். கீ துடைப்பேன், சால்டரிங் செய்வேன், வீடுகளில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மாட்டுங்காவில் ஒரு வாடிக்கைக்காரர், சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தம்பி இறந்து பல வருடங்கள். பள்ளியில் படித்தபோது தம்பி எழுதிய ஒரு ரயில் விளையாட்டு, ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார் சார். பெட்டியையும் கேசட்டையும் போன வாரம் நான்தான் சாரிடமிருந்து வாங்கி வந்தேன். பல தடவை ஓட்டினால் பழைய டேப் அறுந்துவிடும், அவர் வீட்டிலேயே ஓட்டு என்று அண்ணாச்சி சொன்னதால் கேசட் என் பையிலேயே கிடந்தது.

இன்று பெட்டியை டிவியில் செருகியதும் திரை விழித்துக்கொண்டது. பெட்டியோடு இணைத்த டேப் பிளேயரில் கேசட்டைப் போட்டேன்.

"இது லோடு ஆறதுக்குள்ள அவன் காபி குடிச்சுட்டு வந்துடுவான்பா," என்று சிரித்தார் சார்.

கீச்சென்று சத்தம் வர வேண்டும். வெறும் இரைச்சல்தான் வந்தது. மறுபக்கமும் அப்படியே. பிளேயரைத் திருகிப் பார்க்கலாமென்று ஸ்குரூடிரைவருக்காகப் பையில் கைவிட்டேன். கூடவே காந்தமும் ஒட்டிக்கொண்டு வந்தது.

முன்பு நான் பங்கார் என்கிற பழைய இரும்புக் கடையில் சாமான் பிரித்தவன். அந்த வேலையில் காந்தமில்லாமல் யாரும் தெருவில் இறங்கமாட்டார்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய கனத்த காந்தம் என்னுடையது. வேலை மாறியும் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வாரமாகக் கேசட் அதோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. டேப்பில் இருந்ததையெல்லாம் அது அழித்துவிட்டது.

"பழசு, போயிருக்கும். நீ என்னப்பா பண்ணுவே?" என்றார் சார். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். குடித்தேன். 

பட்டறையில் அண்ணாச்சி தலை நிமிராமல் கேட்டார்: "என்னல, ரயிலு ஓடிச்சா?"

சொன்னேன்.

"ஒன் பையி என்ன, குப்பைக் கெடங்கால?" சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "அவர்ட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணாச்சி."

"காலைல போயி சொல்லு. சொல்லிட்டு இங்க வா. சொல்லாம வராத."

காலையில் சாரிடம் சொல்லத்தான் கிளம்பினேன். சயான் வரை போனேன். கோவண்டி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அங்கே ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். போய் நின்றதும், முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அடிப்பிடித்த அண்டா ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன்.