பதினொன்றாம் அறையைத் தட்டாத காலை

"மே மாதம், இரண்டாம் செவ்வாய். கிழக்கே மேகம், கனம். யாரையும் எழுப்பவில்லை. 6.20: சூரியன் வரவில்லை. சரி."

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. வருடம் எழுதவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை என்பதால் வருடம் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதாமல் விட்டது உறுத்துகிறது. கடைசிச் சொல் மட்டும் சிவப்பு மையில் இருக்கிறது.

போன வாரம் என் மகளின் பள்ளியில், விடுமுறையில் வேலைக்குப் போவது பிள்ளைகளுக்கு என்ன கற்றுத்தரும் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். திறமை வளரும், தன்னம்பிக்கை வரும் என்று பேசிவிட்டு வந்தேன். பொய்யில்லை. இரண்டும் எனக்கு வந்தன. அவை வந்த பிறகு நடந்ததை அந்த மேடையில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அம்மாவின் தம்பி கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். மாமாவும் மாமியும் லாட்ஜுக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். பக்கத்து ஊரான கொட்டாரத்தில் வீட்டில் சும்மா கிடந்த என்னை அந்தக் கோடையில் அவர்களிடம் அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்த வேலை, விடியும் முன் அறைக் கதவுகளைத் தட்டுவது. உதயம் பார்க்க வந்தவர்களை எழுப்பிவிடுவது அங்கே பல லாட்ஜுகளிலும் இருந்த வழக்கம். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அது நிற்கவில்லை.

மாமாவின் லாட்ஜில் தட்டுவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் ஏறிக் கிழக்கே பார்க்க வேண்டும். கடலின் விளிம்பில் மேகம் அடைத்துக் கிடந்தால் தட்டக் கூடாது. தூக்கத்தைக் கெடுத்து மேகத்தைக் காட்டினால் வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். தட்டாமல் விட்டால், தாமதமாக எழுந்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார்கள்.

முதல் மூன்று நாள் மாமாவும் மாடிக்கு வந்தார். நான்காம் நாள், "நீயே பாரு மக்கா, எனக்கு முட்டு வலிக்கி" என்று கீழேயே நின்றுவிட்டார். அதிலிருந்து நான் சொன்னதுதான் தீர்ப்பு. மூன்று காலைகளில் தட்ட வேண்டாம் என்றேன். மூன்றிலும் சூரியன் வரவில்லை. "ஏட்டி, இன்னைக்குத் துணி காயப்போடட்டா, வேண்டாமா? நீ சொன்னாத்தான் மழையும் பெய்யும்" என்று மாமி கேட்பார். கேலி என்று தெரிந்தும் வானத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். வகுப்பில் எழுந்து நின்றால் குரலே வராதவள் நான்.

அந்தத் திங்கட்கிழமை மாலை, கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான தம்பதி பதினொன்றாம் அறைக்கு வந்தார்கள். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் போக வேண்டும். ஒரு மாடி ஏறுவதற்குள் அவர் நான்கு இடத்தில் நின்றார். அவரை அறையில் படுக்கவைத்துவிட்டு அந்த அம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு முன்னால, விடியறப்ப ஒருக்கா கடலோரம் உக்காந்திருக்கோணும்னு சொல்றாருங் கண்ணு. எப்படி இருந்தாலும் எழுப்பி உட்ரு. ராத்திரியெல்லாம் அவரைப் பாத்துட்டு நான் விடியக்காலம் அசந்துருவேன்."

"எழுப்புகேம்மா" என்றேன்.

செவ்வாய் காலை மாடியில் நின்றபோது கிழக்கே சுவர் எழுப்பியதுபோல் மேகம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி இருந்தாலும் எழுப்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், மேகத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிடும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. நோயாளி தூங்கட்டும் என்று நினைத்ததாகவும் ஞாபகம். அதை அப்போதே நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. இறங்கி வந்து, யாரையும் தட்டாமல், ஆறு இருபது வரை பார்த்து நோட்டில் குறித்தேன்.

ஆறரைக்கு அந்த அம்மா தலைகூட வாராமல் படியிறங்கி வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏங் கண்ணு, எழுப்பலயா?"

மேகத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா கவுண்டரிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"பிள்ளை ஒறங்கிப் போச்சும்மா. சின்னப் பிள்ளைல்லா. நான் பாத்திருக்கணும், எனக்க தப்பு."

அந்த அம்மா என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "போவுது உடுங்க. இந்த வயசுல தூக்கம் வராம என்ன பண்ணும்?"

இருபது நிமிடத்தில் இருவரும் பையுடன் இறங்கினார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. பெரியவர் ஏறும் முன், "கடலு எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆட்டோ திரும்பியதும் மாமாவிடம் கத்தினேன்.

"நான் எப்ப ஒறங்குனேன்? மேகம் இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு மக்கா."

"பின்ன என்னத்துக்குப் பொய் சொன்னிய?"

"சவத்த விடு. போய் சாயா குடி."

குடிக்கவில்லை. அன்று மதியம்தான் சிவப்புப் பேனாவை எடுத்து 'சரி' என்று எழுதினேன். சாயங்காலப் பேருந்தில் கொட்டாரத்துக்குப் போய்விட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதன்முதலாக எனக்கு நன்றாக வந்த ஒரு வேலையில் என்னைத் தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டாரே என்பதுதான் என் கோபம்.

அவர்கள் சூரியனைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. உறங்கிப்போன பிள்ளையை அந்த அம்மாவால் மன்னிக்க முடிந்தது. விழித்திருந்து, அவர்களுக்கும் சேர்த்து முடிவெடுத்த பிள்ளையை என்ன செய்திருப்பார்? மாமா அந்தக் கேள்வியை அவர் முன் வைக்கவே விடவில்லை.

மாமா கடைசியாக நோயில் படுத்திருந்தபோது ஒருநாள் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். அவர்கள் அன்றைக்குப் போகவில்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு லாட்ஜில் தங்கினார்கள், மறுநாள் விடியும்போது இருவரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர்கள் ஆட்டோவில் ஏறியதை நான் பார்த்தேன். பேருந்தில் ஏறியதைப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. மாமா சொன்ன லாட்ஜை இடித்துவிட்டார்கள், அதன் பதிவேடு யாரிடமும் இல்லை. என் நோட்டில் மறுநாளுக்குக் குறிப்பு கிடையாது. மாமா சொன்னது நடந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.