எல்லாத் தாளிலும் எட்டு மணி

மலைப் பிள்ளைகளுக்குக் காசநோய் மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று அன்று மாலைக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்ப வேண்டியவள் நான். தேவையில்லாமல் கூட்டினால் ஈரல் கெடும். தேவைப்பட்டும் கூட்டாவிட்டால் நோய் போகாது.

சின்னப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி குத்த முடியாது. ஆளுக்கு ஒரே தடவைதான் ரத்தம் எடுத்தோம், ஒருத்திக்கு ஒன்பது மணிக்கு, இன்னொருவனுக்கு மதியம். அந்த ஒற்றைப் புள்ளிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. போட்டேன். இவர்களுக்குச் சீக்கிரமே போய்விடுகிறது, அளவைக் கூட்ட வேண்டும் என்று வந்தது. அறிக்கையில் கையெழுத்தும் போட்டாயிற்று.

ஒரே ஒரு சிறுமிதான் கணக்கில் இடித்தாள். மாத்திரை விழுங்கி நாலு மணி நேரத்தில் மற்றவர்கள் ரத்தத்தில் இருந்த அளவு மருந்து, அவளுக்கு ஆறு மணி நேரம் கழித்தும் இருந்தது. அவள் அம்மா நேரத்தைத் தப்பாகச் சொல்லியிருப்பாள், பெயரை அடித்துவிடலாம் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் காரணம் எழுதாமல் ஒரு பிள்ளையைக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலை ஏறினேன். கையெழுத்துப் போட்ட அறிக்கையை வளைவுக்கு வளைவு பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன.

ஊர் நர்ஸ் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். சிறுமியின் அம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை எத்தன மணிக்குக் குடுத்தீங்க?"

"ஆறு மணிக்குங்க. காட்டு வேலைக்குப் போவணுமில்ல. இங்க எல்லா வூட்லயும் அந்நேரந்தான்."

நர்ஸ் பிள்ளைக்கு ஒன்றாக எழுதி அனுப்பியிருந்த தாள்களைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே உட்கார்ந்து புரட்டினேன். இந்தச் சிறுமியின் தாளைத் தவிர எல்லாவற்றிலும் எட்டு மணி. ஆறுக்கு விழுங்கியதை எட்டிலிருந்து எண்ணியிருக்கிறேன். மருந்து சீக்கிரம் போகவில்லை, என் கணக்கில்தான் இரண்டு மணி நேரம் காணாமல் போயிருந்தது.

"யாரக் கேட்டு எட்டுன்னு எழுதுனீங்க?" என்று நர்ஸிடம் கத்தியே விட்டேன்.

அவர் அசரவில்லை. "நீங்க அனுப்புன தாள்லயே எட்டுன்னுதான் போட்டிருந்துச்சுங்க மேடம். அப்பிடித்தான் எழுதணும்னு நெனச்சிக்கினு எழுதிட்டேன். இந்தம்மா மட்டும் பக்கத்துலயே நின்னுக்கினு, ஆறுன்னு எழுதினாத்தான் ஆச்சுன்னுட்டாங்க."

தாளின் மேல் வரியைப் பார்த்தேன். நேரம் என்ற கட்டத்தில் நானே அச்சடித்துக் கொடுத்திருந்தேன். உதாரணம்: காலை 8.00.

அறிக்கையை அங்கேயே கிழித்தேன். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வர நேரமானது.